ரெடிமேட் டூல்செயினும் ராயபுரத்து ரோஷமும்

இன்னா கண்ணு, கன்டெய்னர் லாரிக்கு டிராக்கர் பண்ணித் தர்றேன்னு அட்வான்ஸ் வாங்கிட்டு, ராயபுரத்து வூட்ல குந்திக்கினு கம்பைலர் கட்டுறியாமே? லாரி ஓனரு கேட்டது இன்னா? வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல தெரியணும். அவ்ளோதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல காத்தால நின்ன வண்டி சாயங்காலமும் அங்கியேதான் நிக்கும், அதுக்கு எதுக்கு டிராக்கருன்னு நான் கேக்கலை. அது அவரு துட்டு. ஆனா உன் கம்பைலரைப் பத்தி அவருக்கு இன்னாடா கவலை?

கேட்டா உதார் வுடுறே. "தாத்தா, ஜிசிசி கம்பைலரை சோர்ஸ்லேர்ந்தே பில்டு பண்றேன்." சொல்லும்போதே சட்டை பட்டன் தெறிக்குது. ஊசி வாங்கியான்னு கடைக்கு அனுப்புனா, இரும்பு உருக்க சூளை வெக்கப் போனானாம் ஒருத்தன். இங்க வேட்டி கிழிஞ்சது கிழிஞ்சபடி கீது.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்னு ஓரக்கண்ணால பாக்காத. திருவொத்தியூர்ல ஒரு கன்ட்ரோல் பேனல் பட்டறைலதான் எனக்குத் தலை நரைச்சது. 8051 சிப்புக்கு புரோகிராம் எழுதுவோம். ஈப்ராம்ல ஏத்துவோம். தப்பாப் போச்சா, ஊதா வெளிச்சத்துல வெச்சு அழிச்சுட்டு மறுபடி ஏத்துவோம். அப்பவும் எழுதுறது ஒரு மிஷின்ல, ஓடுறது வேற சிப்புலதான். அதுக்குன்னு க்ராஸ் அசெம்ப்ளர் ஒரு ஃப்ளாப்பில வந்துச்சு. ஃப்ளாப்பியைப் போட்டோமா, வேலையைப் பாத்தோமான்னு இருந்தோம். அசெம்ப்ளரையே நான் எழுதுறேன்னு எவனாவது குந்தியிருந்தா, மொதலாளி அவனை அப்படியே குந்திக்கினே வூட்டுக்குப் போவச் சொல்லியிருப்பாரு.

சரி, பொறுமையாக் கேளு. உன் லேப்டாப்புல கீறது இன்டெல் சிப்பு. டிராக்கர்ல நீ மாட்டிருக்கறது ராஸ்பெர்ரி பை ஜீரோ, அதுல கீறது ஆர்ம். இதுக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பலகை மேலயே கம்பைல் பண்ணலாமேன்னா, மெமரி மூச்சு வாங்கும், பொழுது விடிஞ்சிரும். அதனால லேப்டாப்புல ஓடிக்கினே ஆர்முக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுக்கற கம்பைலர் வோணும். கம்பைலர் மட்டும் இருந்தா பத்துமா? அசெம்ப்ளரும் லிங்கரும் வோணும், அது பைனுட்டில்ஸ். சி லைப்ரரி ஒண்ணு. லினக்ஸ் கெர்னலோட ஹெட்டர் ஃபைலுங்க. தப்பு தேட ஜிடிபி. இத்தினியும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற வெர்ஷனா சேர்ந்தாத்தான் டூல்செயின்.

இத நீயே கட்டப் போறே. கட்டு, பாக்கலாம். ஜிசிசிக்கு முன்னாடி ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசின்னு மூணு கணக்கு லைப்ரரி கேக்கும். குடுத்தே. அப்பால பைனுட்டில்ஸ். கட்டிட்டே. அப்பால ஜிசிசி. இங்கதான் பேஜாரு. முழு ஜிசிசி எழும்பணும்னா சி லைப்ரரி இருக்கணும். சி லைப்ரரி எழும்பணும்னா ஜிசிசி இருக்கணும். இப்ப இன்னா பண்ணுவே? மொதல்ல ஒரு அரைகுறை ஜிசிசி கட்டணும். அத வெச்சு சி லைப்ரரியை எழுப்பணும். அந்த லைப்ரரியை வெச்சு மறுபடி ஜிசிசியை முழுசாக் கட்டணும். நடுவுல ஒரே ஒரு வெர்ஷன் மொறைச்சுக்கினா போதும், மணிக்கணக்கா ஓடுனது ஒரு வரி எர்ரர்ல வந்து நிக்கும். அந்த எர்ரரும் நேத்து நடந்த கூத்துக்கு இன்னிக்கு அழுவும். எங்க தப்புன்னு தெரியவே தெரியாது.

இது ஆர்ம் கதை. ரிஸ்க்-ஃபைவ் சிப்புன்னா இன்னும் ஷோக்கு. அதோட ஜிஎன்யூ டூல்செயினை சோர்ஸா எடுக்கறதுக்கே ஆறரை ஜிபிக்கு மேல எறக்கணும். கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே! உன் மொபைல் டேட்டா தீந்து, பக்கத்து வூட்டு வைஃபை பாஸ்வேர்டு கேட்டு நிப்பே.

இந்த அவஸ்தையை உலகத்துல நீ மட்டும்தான் பட்டேன்னு நெனைச்சியா? டான் கெகல்னு ஒருத்தர் பட்டாரு. பட்டுட்டு சும்மா இல்லாம, க்ராஸ்டூல்னு ஒரு ஸ்கிரிப்ட்டை எழுதி ஊருக்கே குடுத்தாரு. அப்பால யான் மொரின் அதே வழியில க்ராஸ்டூல்-என்ஜின்னு ஒண்ணு பண்ணாரு. அவங்கல்லாம் கண்ணு முழிச்சதே அடுத்தவன் தூங்கட்டும்னுதான். நீ இன்னாடான்னா அவங்க தாண்டுன பள்ளத்துல இஷ்டப்பட்டு வுழுந்துட்டு, "எவ்ளோ ஆழம் பாத்தியா"ன்னு என்னையக் கூப்புட்டுக் காட்டுறே.

ரெடியா கீது கண்ணு. ஆர்ம் கம்பெனியே தன்னோட ஜிஎன்யூ டூல்செயினைக் கட்டி, சும்மாவே குடுக்குது. பிரான்சுல பூட்லின்னு ஒரு கம்பெனி, பில்டுரூட்டை வெச்சு எத்தினியோ சிப்புக்கு டூல்செயின் கட்டி அடுக்கி வெச்சுக்கீறாங்க. கட்டுனதோட வுடாம, பெரும்பாலும் அதாலயே ஒரு லினக்ஸைக் கட்டி, க்யூஎமுன்ற எமுலேட்டர்ல ஓட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய வுடுறாங்க. உபுண்டுல ஒரே வரி கமாண்டு அடிச்சா ஆர்ம் கம்பைலர் வந்து எறங்கும். டீ ஆர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுது. நீ கட்டுனதை எத்தினி பேரு ஓட்டிப் பாத்துக்கீறாங்க? நீ ஒருத்தன். அதுவும் தூக்கக் கலக்கத்துல.

நம்மூர் கதை ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கிண்டில ஐஐடி கீதே, அங்க காமகோடி வாத்தியாரும் அவரு பசங்களும் சக்தின்னு ப்ராசஸர் பண்ணாங்க. பேப்பர்ல படம் போட்டுட்டு வுடலை. நெசமான சிலிக்கான். 2018-ல ஒரு சிப்பு இன்டெல்லோட 22 நானோமீட்டர்ல வந்துச்சு. அதே வருஷம் இன்னொண்ணு சண்டிகர் பக்கத்துல நம்ம சர்க்கார் ஃபேப்ல, 180 நானோமீட்டர்ல வந்துச்சு. ப்ராசஸரையே கம்பி கம்பியா வரைஞ்ச ஆளுங்க. கம்பைலர் கட்டத் தெரியாதவங்களா அவங்க? அவங்க உனக்குன்னு இன்னா பண்ணி வெச்சாங்க தெரியுமா? சக்தி-டூல்ஸ்னு ஒரு பொட்டலம். உள்ள 32 பிட்டுக்கு ஒண்ணு, 64 பிட்டுக்கு ஒண்ணுன்னு டூல்செயின் கட்டி ரெடியா கீது. எறக்கு, பாத்-ல சேத்துடு, வேலையைப் பாரு. பினாகான்னு 32 பிட்டு, வஜ்ரான்னு 64 பிட்டு, பேரெல்லாம் புராணத்துல வர்ற ஆயுதம்தான். ஆனா மொத நாளே பையன் கம்பைலரோட சண்டை போட்டு மண்டை ஒடையக் கூடாது, எல்ஈடி எரியறதைப் பாக்கணும்னு நெனைச்சாங்க பாரு, அவங்க பெரியவங்க. சிப்பு வரைஞ்சவனுக்கே இல்லாத ரோஷம் உனக்கு எங்கேர்ந்து கண்ணு வந்துச்சு?

ரோஷம்னதும் ஞாபகம் வருது. நம்ம ஏரியாவோட பெருமையே ரெடிமேட்ல ஆரம்பிச்சதுதான். உங்கப்பன் சொல்லலையா? எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ்னு 1948-ல தொடங்குன கம்பெனிதான் அப்பால அசோக் லேலண்டு ஆச்சு. எடுத்த எடுப்புலயே இன்ஜினை உருக்கி ஊத்துனாங்களா? ஆஸ்டின் காரு பார்ட்ஸா கப்பல்ல வந்து எறங்குச்சு, இங்க பூட்டுனாங்க. திருவொத்தியூர் புல்லட்டு மட்டும் இன்னா? 1955-ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சப்போ, இங்கிலாந்துல ரெடிட்ச்னு ஊரு, அங்கேர்ந்து பார்ட்ஸ் வரும், இங்க சேத்து ஓட்டுவாங்க. அத ஓட்டுன பட்டாளத்துக்காரன் எவனாவது "இத நீயே வார்த்தியா"ன்னு கேட்டானா? ஓடுதான்னுதான் பாத்தான்.

ஆனா அடுத்து நடந்ததுதான் சூட்சுமம். 1957-ல ரெடிட்ச்காரன்கிட்டேர்ந்து டூலிங்கையே வாங்கி இங்க கொண்டாந்துட்டாங்க. 1962 வாக்குல எல்லா பார்ட்டும் இங்கியே ஆச்சு. 1967-ல ரெடிட்ச்சுல கதவைச் சாத்திட்டான். மூணு வருஷத்துல அந்த இங்கிலாந்து கம்பெனியே கதை முடிஞ்சுது. திருவொத்தியூர்ல மட்டும் டப் டப்னு சத்தம் நிக்கலை. 1977-ல இங்கேர்ந்து இங்கிலாந்துக்கே புல்லட்டு ஏத்துமதி ஆச்சு. குடுத்தவன் கடையைச் சாத்துனா வாங்குனவன் நடுத்தெருவுல நிக்கணுமா? டூலிங் நம்ம கையில இருந்துச்சு, நிக்கலை.

நீ சாஃப்ட்வேர்ல அந்த மாதிரி நடக்காதுன்றே. நடந்துச்சே! கோட்சோர்சரின்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. ஒரு காலத்துல ஆர்ம் பலகை வெச்சிருந்தவன்லாம் அவங்க இலவச டூல்செயினைத்தான் எறக்குவான். 2010-ல மென்டர் கிராஃபிக்ஸ் அவங்களை வாங்கிச்சு. 2017-ல மென்டரை சீமென்ஸ் வாங்கிச்சு. அந்தப் பழைய லிங்க்கைப் புடிச்சிக்கினு இப்ப போய்ப் பாரு, எங்க நிக்கறேன்னு தெரியும். லினாரோவும் பல வருஷம் ஆர்ம் டூல்செயின் போட்டுக்கினு இருந்துச்சு, அப்பால அந்த வேலையை ஆர்மே எடுத்துக்கிச்சு. யாரையும் நான் தப்பு சொல்லலை. யாவாரம்னா கைமாறும். டவுன்லோடு பண்ண அன்னிக்கே அந்த டார் ஃபைலை உன் புராஜெக்ட் பக்கத்துல ஒரு காப்பி போட்டு வெச்சியா? அதான் கேள்வி.

இப்ப உன் மூஞ்சில ஒரு சிரிப்பு வருது. "அப்போ ரெடிமேட் எடுத்தா போதும், தலைவலி இல்லை"ன்ற. இரு ராஜா. கம்பைலர் கட்டுற ஆளோட உதார் ஒரு ரகம்னா, கண்ணை மூடிக்கினு எறக்குற ஆளோட அசால்ட்டு இன்னொரு ரகம்.

உன் பை ஜீரோவையே எடுத்துக்கோ. அது 2015-ல வந்தாலும், உள்ள கீறது 2012-ல மொதல்ல வந்த பையோட அதே சிப்பு. ஆர்ம்6 ரகம். நீ உபுண்டுல ஒரு வரி கமாண்டு அடிச்சு வாங்குன கம்பைலரோ ஆர்ம்7-க்கு எழுதுறது. கம்பைல் பண்ணே, எர்ரரே வரலை, குஷியாயிட்டே. பலகைல ஏத்துனே. "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்"னு செத்துப் போச்சு. உடனே நீ கெட்டிக்காரன், ஆர்ம்6-னு ஒரு ஃப்ளாக்கைச் சேத்து மறுபடி கம்பைல் பண்ணுவே. மறுபடியும் சாவும். ஏன்? உன் கோடு ஆர்ம்6 ஆச்சு, ஆனா அதுகூட வந்து ஒட்டிக்கிற ஸ்டார்ட்டப் ஃபைலும் லைப்ரரியும் அந்தப் பொட்டலத்துல முன்னாடியே ஆர்ம்7-ல வெந்தது. வெந்ததை மறுபடி பச்சையாக்க முடியுமா? ரெடிமேட்னா எந்தச் சிப்புக்கு ரெடி பண்ணதுன்னு மொதல்ல பாக்கணும். பூட்லின்ல ஆர்ம்6 ஹார்டு ஃப்ளோட்னே தனியா ஒண்ணு கீது. அத எடுக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் கண்ணைத் தொறந்து பட்டியலைப் படிக்கணும், அதான் விலை.

அப்பால சி லைப்ரரி. இங்கதான் பாதிப் பேரு மண்ணைக் கவ்வுறது. உன் பலகைல ஓடுறது டெபியன் 11 வழியில வந்த சிஸ்டம், அதுல ஜிலிப்சி 2.31. லேப்டாப்புல உபுண்டு 22.04, அதுல 2.35. லேப்டாப்பு புதுசு, ஷோக்கா கீது. அதால கட்டுன புரோகிராமு பலகைல ஏறுனதும், ஜிலிப்சி 2.34 காணோமேன்னு கத்தும். உள்ள "வணக்கம்"னு ஒரே வரி எழுதியிருந்தாலும் கத்தும். 2021-ல வந்த 2.34-ல புரோகிராமைத் தொடங்கி வெக்கற எடத்துலயே கை வெச்சுட்டாங்க, அதனாலதான். பழைய ஜிலிப்சிக்குக் கட்டுனது புதுசுல ஓடும். புதுசுக்குக் கட்டுனது பழசுல ஓடாது. அப்ப இன்னா பண்ணணும்? பலகைல கீற வெர்ஷனுக்கு சமமா, இல்லைன்னா அதுக்கும் பழசா இருக்கற டூல்செயினை எடு. நீ இன்னா பண்ணுவே, எனக்குத் தெரியும். லேட்டஸ்ட்டுன்னு போட்டிருக்கறதைத்தான் மொதல்ல கிளிக்கு பண்ணுவே. போன் வாங்குற புத்தி அது. இல்லைன்னா மசல்னு ஒரு சின்ன சி லைப்ரரி கீது, அத உள்ளயே வெச்சு ஸ்டாட்டிக்கா கட்டிட்டா பலகைல எந்த ஜிலிப்சி இருந்தாலும் கவலையே இல்லை. டிராக்கர் மாதிரி சின்ன வேலைக்கு அதுவே ஏதேஷ்டம்.

ஃப்ளோட்டு சமாச்சாரமும் பாத்துக்கோ. தசமக் கணக்கை சிப்போட ஃப்ளோட் ரிஜிஸ்டர்லயே குடுத்து வாங்குறது ஹார்டு ஃப்ளோட். ஆர்ம் டூல்செயின் பேரோட வால்ல எச்எஃப்னு இருந்தா அது. இல்லைன்னா வேற ரகம். பலகைல ஒண்ணு, புரோகிராம்ல ஒண்ணுன்னா பேச்சுவார்த்தையே நடக்காது. ரிஸ்க்-ஃபைவ்லயும் இதே ரவுசுதான். சாஃப்ட் ஃப்ளோட் ஃபைலை டபுள் ஃப்ளோட் ஃபைலோட சேக்க முடியாதுன்னு லிங்கரே மூஞ்சைத் திருப்பிக்கும். ரீட்எல்ஃப்னு ஒரு கமாண்டு கீது, அதே பைனுட்டில்ஸ்ல. ஏத்துறதுக்கு முன்னாடி உன் புரோகிராமை அதுல ஒரு தபா காட்டு. இன்னா சிப்பு, இன்னா ஃப்ளோட்டு, எந்த ஜிலிப்சி, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெக்கும்.

எங்கேர்ந்து எறக்குறேன்றதும் முக்கியம். "ஃப்ரெண்டு டெலிகிராம்ல அனுப்புனான், ஸ்பீடா வந்துச்சு"ன்ற. நல்ல ஃப்ரெண்டு. 2015-ல சீனாவுல இதேதான் நடந்துச்சு. ஆப்பு கட்டுற எக்ஸ்கோடுன்ற டூலை ஆப்பிள்கிட்டேர்ந்து எறக்க நேரம் புடிக்குதுன்னு, பசங்க வேற எடத்துல கீற காப்பியை எடுத்தாங்க. அந்தக் காப்பில எவனோ கை வெச்சிருந்தான். அத வெச்சு கட்டுன ஆப்புல எல்லாம் அவன் கோடும் சேந்து கட்டியாச்சு. வீசாட்டு மாதிரி மலை முழுங்கி ஆப்பே மாட்டிக்கிச்சு. எக்ஸ்கோட்கோஸ்ட்னு அதுக்குப் பேரு வெச்சாங்க. கட்டுனவன் யோக்கியன், அவன் எழுதுன கோடும் யோக்கியம். ஆனா கம்பைலர் திருடன். ஆர்ம் டவுன்லோடு பக்கத்துல ஷா256-னு ஒரு நீட்டு நம்பர் குடுப்பாங்களே, அத நீ என்னிக்காவது சரிபாத்திருக்கியா? சும்மா தலையாட்டாத.

உடனே உனக்கு வாய் வந்துரும். "பாத்தியா தாத்தா, அதான் நானே சோர்ஸ்லேர்ந்து கட்டுறேன்." அடேங்கப்பா. 1983-லயே கென் தாம்ப்சன் அந்த ஆசையில மண்ணைப் போட்டாரு. யுனிக்ஸ் பண்ண ஆளு, டூரிங் விருது மேடைல நின்னுக்கினு சொன்னாரு. கம்பைலர்ல ஒரு திருட்டுத்தனத்தை ஒளிச்சு வெச்சா, அடுத்த கம்பைலரைக் கட்டும்போது அது தானா அதுக்குள்ளயும் பூந்துக்கும், சோர்ஸ்ல தேடுனா ஒரு வரி கூட இருக்காதுன்னு காட்டுனாரு. நீ சோர்ஸ்லேர்ந்து கட்டுறியே, எதை வெச்சுக் கட்டுறே? லேப்டாப்புல ஏற்கெனவே கீற கம்பைலரை வெச்சுத்தானே? அத எவன் கட்டுனான், பாத்தியா? எங்கியோ ஒரு எடத்துல எவனையாவது நம்பித்தான் ஆவணும். நம்புறது நம்புறே, ஊரே எடுத்துப் பாத்த பொட்டலத்தை நம்பு.

ஒருக்காலும் சொந்தமாக் கட்டக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. சக்தியை எடுத்து, அதுல நீயா ஒரு புது இன்ஸ்ட்ரக்‌ஷன் சேத்தே, அது எந்த ரெடிமேட் கம்பைலருக்கும் தெரியாது, கட்டித்தான் ஆவணும். பத்து வருஷம் ஃபேக்டரில ஓடப்போற மிஷினு, கஸ்டமர் ஒவ்வொரு பைட்டும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கணக்கு கேக்கறான், கட்டு. அப்பவும் கையால உருட்டாத. க்ராஸ்டூல்-என்ஜி கீது, பில்டுரூட்டு கீது, யாக்டோ கீது. மொத ரெண்டுலயும் மெனுவுல சிப்பையும் லைப்ரரியையும் டிக் பண்ணுனா, அந்த அரைகுறை ஜிசிசி நாடகத்தை அதுவே ஆடி முடிச்சுரும். அந்த மெனுவோட கான்ஃபிக் ஃபைலைப் பத்திரமா வெச்சா, நாளைக்கு இன்னொருத்தன் அதே டூல்செயினைக் கட்டலாம். நீ பண்ற மாதிரி டெர்மினல்ல நூறு கமாண்டு அடிச்சு, அதுல எது வேலை செஞ்சுதுன்னே மறந்து போறதுக்குப் பேரு கட்டுறது இல்லை கண்ணு.

கத்துக்கணும்னு ஆசையா? பேஷாக் கத்துக்கோ. ஞாயித்துக்கெழமை, சொந்த நேரத்துல, சொந்தக் கரண்டுல ஒரு தபா கையால கட்டிப் பாரு. உள்ள இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சவன் ரெடிமேட்ல தப்பு வந்தா டக்குனு புடிப்பான், அத நான் ஒத்துக்கறேன். லாரி ஓனரோட அட்வான்ஸ்ல கத்துக்காத.

இன்னொண்ணு. நீ இங்கியே இருக்கப் போறதில்லை. ஆறு மாசத்துல ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி கூப்புடும், ஷூ மாட்டிக்கினு போய்டுவே. அப்பால அந்த டிராக்கர்ல ஒரு பக்குன்னு லாரி ஓனரு வேற ஒரு பையனைக் கூட்டிக்கினு வருவாரு. அவன் உன் ஃபோல்டரைத் தொறப்பான். எந்த டூல்செயின், எந்த வெர்ஷன், எங்கேர்ந்து எறக்குனது, ஷா256 இன்னா, எந்தப் பலகை, எந்த ஜிலிப்சி, இத்தினியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி, டாரையும் அது பக்கத்துலயே வெச்சுட்டுப் போ. அந்த ஃபோல்டருக்கு "ஃபைனல் நியூ 2 ஒரிஜினல்"னு மட்டும் பேரு வெக்காத.